ஒரு நாளில் ஒன்பது இடங்கள் வேண்டாம்

கேள்வி: நாங்கள் வத்தளையில் வசிக்கிறோம். ஆறு வயதில் மகனும் மூன்றரை வயதில் மகளும் இருக்கிறார்கள். என் அம்மாவின் சொந்த ஊர் மட்டக்களப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் அவர் அங்கே போயிருக்கிறார். ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு இரவுப் புகையிரதத்தில் வந்து இறங்கி, வழிகாட்டி ஒருவரை அமர்த்தி, ஒரே நாளில் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு அன்றிரவே திரும்ப எண்ணியிருக்கிறோம். கோட்டை, காந்தி பூங்கா, கல்லடிப் பாலம், விபுலாநந்த அடிகளின் சமாதி, மாமாங்கேஸ்வரர் ஆலயம், வெளிச்சவீடு, காத்தான்குடி நூதனசாலை, பாசிக்குடா, இரவில் பாடும் மீன் (மகனுக்கு இதில்தான் மிகுந்த ஆசை) என்று ஒன்பது இடங்களைக் குறித்து வைத்திருக்கிறேன். இது சரிவருமா? இன்னொன்று: நாவலடியில் இருந்த என் பெரியம்மாவின் குடும்பத்தைக் கடல் கொண்டுபோனது. பிள்ளைகளையும் அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று அம்மா சொல்கிறார். என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.
— வத்தளை வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பட்டியலில் உள்ள ஒன்பதும் பார்க்கத் தக்க இடங்களே. ஆனால் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு உங்கள் இரு பிள்ளைகளையும் ஒரே நாளில் அழைத்துச் செல்லும்படி என்னிடம் கேட்டிருந்தால், நான் மறுத்திருப்பேன். இந்த ஊரில் பல ஆண்டுகளாகக் குடும்பங்களுக்கு வழிகாட்டியாக நடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளைகளுக்கென்று மூன்று இடங்களை வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவுக்கென்று ஓர் இடத்தை ஒதுக்குங்கள், மற்றவற்றை இன்னொரு பயணத்துக்கு விடுங்கள். பெரியவர்கள் இடங்களை எண்ணிக்கொண்டு ஊர் பார்க்கிறார்கள். மூன்றரை வயதுப் பிள்ளையோ கண்ணில் பட்ட ஒன்றைப் பிடித்துக்கொண்டு, அது அலுக்கும்வரை அதையே பார்க்கிறது. நம் ஊரில் இதைப் பராக்குப் பார்ப்பது என்பார்கள். அதைச் சொல்லித்தான் பிள்ளைகளைக் கடிந்தும்கொள்வார்கள். சுற்றுலா நாளன்று மட்டுமாவது பராக்குப் பார்ப்பதற்கு நேரம் வைத்துத் திட்டமிடுங்கள்.

முதலில் மாற்ற வேண்டியது நீங்கள் வந்து சேரும் நேரம். இரவுப் புகையிரதம் விடியற்புறத்தில் இங்கே வந்து சேரும். இரவெல்லாம் குலுங்கி வந்த பிள்ளைகளை முகம் கழுவிவிட்டு நேராக ஊர் பார்க்க அழைத்துச் சென்றால், ஒன்பது மணிக்கெல்லாம் சிணுங்கத் தொடங்கி, பதினொரு மணிக்கு ஒருவர் தோளிலும் மற்றவர் மடியிலுமாகக் கிடப்பார்கள். அதன் பிறகு வழிகாட்டி சொல்வது எதுவும் யார் காதிலும் ஏறாது. ஒரு நாள் முன்னதாக, காலையில் கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து புறப்படும் உதயதேவி புகையிரதத்தில் வாருங்கள். நேரத்தை நிலையத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பகற்பயணம் நீளமானதுதான் என்றாலும், மனம்பிட்டியில் மகாவலியைக் கடப்பதும், வெலிக்கந்தைக்கும் புனானைக்கும் இடையில் காட்டோரத்தில் யானை நிற்கிறதா என்று ஜன்னலோரத்தில் தேடிக்கொண்டு வருவதும் பிள்ளைகளுக்குச் சுற்றுலாவின் முதல் பாகமாகவே இருக்கும். மாலையில் வந்து இறங்கி, விருப்பமானால் காந்தி பூங்காவில் வாவியோரமாக அரை மணி நேரம் ஓடி விளையாடவிட்டு, இரவுக்குச் சூடாகப் பிட்டோ இடியப்பமோ கொடுத்து நேரத்தோடு தூங்க வையுங்கள். பூங்காவை இப்படி முதல் நாளே பார்த்துவிட்டால் உங்கள் பட்டியலில் ஒன்று தானாகக் கழிந்துவிடும்.

அடுத்தது வெயில். நீங்கள் வரும் காலம் கச்சான் வீசும் காலம். மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரத்தை அங்கேயே இழந்து, காய்ந்த சூடான காற்றாகத் தென்மேற்கிலிருந்து எங்கள் பக்கம் இறங்குவதைத்தான் இங்கே கச்சான் என்கிறோம். (உங்கள் பிள்ளைகளுக்குக் கச்சான் என்றால் வறுத்த கடலை மட்டும்தான் தெரிந்திருக்கும், இரண்டுக்கும் ஒரே பெயர் என்று சொல்லிப் பாருங்கள், நாள் முழுவதும் அந்தச் சொல்லை விடமாட்டார்கள்.) கொழும்புப் பக்கத்து வெக்கையில் உடம்பு நனைவதால் வியர்ப்பது தெரியும். கச்சானில் வியர்வை அந்தக் கணமே காய்ந்துவிடுவதால், பிள்ளையின் உடம்பு நீரை இழப்பது நமக்குத் தெரியாது. தாகம் என்று பிள்ளை சொல்லும்வரை காத்திருக்காமல் இடைவிடாது சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்க வேண்டும். ஆறிய கொதிநீரும், வழியில் வெட்டிக் கொடுக்கும் செவ்விளநீரும் போதும், சோடா வேண்டாம். பையில் இரண்டு பைக்கற் ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புத்தூள்) இருக்கட்டும். சிறுநீர் கழித்து வெகு நேரமாகி, உதடு காய்ந்து, பிள்ளை வழக்கத்துக்கு மாறாக அமைதியாகிவிட்டால் அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை நகரத்துக்குள்ளேயே இருக்கிறது; அவசர அம்பியூலன்சுக்கு 1990 என்ற இலக்கம் நாடு முழுவதும் இலவசம்.

இதனால் உங்கள் நாள் இரண்டு துண்டாகிறது: காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை ஒன்று, பிற்பகல் மூன்றரை மணிக்குப் பிறகு மற்றொன்று. இடைப்பட்ட நேரம் குளிப்புக்கும் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் உரியது. அதை வீணான நேரமென்று எண்ண வேண்டாம்.

காலையில் முதலாவதாகப் பழைய கல்லடிப் பாலத்துக்குச் செல்லுங்கள். ஆறரை மணிக்கு அங்கே நிற்பது நல்லது. 1924இல் திறக்கப்பட்டு, அப்போதைய ஆளுநர் மானிங்கின் மனைவியின் பெயரால் லேடி மானிங் பாலம் என்று அழைக்கப்பட்ட இந்த இரும்புப் பாலம்தான் ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கல்லடிப் பக்கத்து வாகனங்களையெல்லாம் சுமந்தது. பஸ் ஒரு பக்கமிருந்து வந்தால் மறுபக்கத்தில் எல்லாரும் காத்து நின்ற காலத்தை உங்கள் அம்மா மறந்திருக்க மாட்டார்; அதை அவர் வாயாலேயே பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லச் செய்யுங்கள். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறந்த பிறகு பாரவாகனங்களின் இரைச்சல் அங்கே போய்விட்டது. எனவே பழைய பாலத்தில் பிள்ளைகளை நடக்கவிடலாம். ஆனாலும் சைக்கிள்கள் வந்துபோகும், கம்பிகளுக்கிடையில் இடைவெளி உண்டு. சின்னவளின் கையை மட்டும் ஒருவர் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்.

அந்த நேரத்தில் பாலத்தின் மேல் தூண்டில் போடுவோரும், கீழே தோணியில் நின்று வீச்சுவலை எறிவோரும் இருப்பார்கள். பிள்ளைகளுக்கு வேறு எதுவும் காட்டத் தேவையில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் அழைத்துச் சென்ற ஒரு குடும்பத்தில் உங்கள் மகள் வயதில் ஒரு சிறுமி இருந்தாள். தூண்டில்காரர் ஒருவர் இழுத்த நூலில் விரல் நீளத்தில் ஒரு பேத்தை மீன் மாட்டியிருந்தது. அவர் முள்ளைக் கழற்றுவதற்காக அதை நிலத்தில் வைத்ததும், அது மூச்சை இழுத்து இழுத்து வயிற்றை ஊதி, கடைசியில் வெள்ளைப் பந்தாக உருண்டு கிடந்தது. சிறுமி குந்தியிருந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, தன் கன்னத்தையும் அதைப்போலவே ஊதினாள். தூண்டில்காரர் அதை நீரில் எறிந்தபோது, சற்று நேரம் மிதந்து, பிறகு காற்றை விட்டுச் சுருங்கி ஆழத்துக்குள் போனது. அவள் கம்பியிடுக்கால் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தகப்பனார் கைக்கடிகாரத்தைக் காட்டி, கோட்டைக்கு நேரமாகிறது என்றார். இன்னும் பத்து நிமிடம் நிற்போம் என்று அன்று நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எனக்கு இன்றும் வருத்தம். அவளை அழ அழத் தூக்கிக்கொண்டு கோட்டைக்குப் போனோம். அங்கே அவள் எதையும் பார்க்கவில்லை. (பேத்தையைத் தொடவிட வேண்டாம், அதன் உடலில் நஞ்சு உண்டு.)

அதனால் பாலத்துக்கென்று முக்கால் மணி நேரம் வைத்து, அது ஒன்றரை மணி நேரமானாலும் பரவாயில்லை என்று மனதில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு காலைச் சாப்பாடு. கோட்டைக்கு எட்டரை மணிக்குப் போனாலும் வெயில் பொறுக்கக் கூடியதாகவே இருக்கும்.

நகரின் மையத்திலுள்ள புளியந்தீவில் வாவியோரமாக நிற்கும் கோட்டையை 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638இல், ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினார்கள். இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதற்கோட்டை இதுதான். பின்னர் ஆங்கிலேயர் வசமாகி, பல தலைமுறைகளாகக் கச்சேரியாக, அதாவது மாவட்ட அரச அலுவலகமாக, இயங்கியதால், எங்கள் ஊர் முதியவர்களுக்குக் கோட்டை என்றால் பிறப்புச் சான்றிதழும் காணி அலுவலும்தான் நினைவுக்கு வரும். இதையெல்லாம் உங்கள் மகனுக்குச் சொல்லும்போது ஆண்டுகளை விட்டுவிடலாம். இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் வெட்டிய அகழி. ஆகவே எந்தப் பக்கத்தால் வந்தாலும் எதிரி தண்ணீரைக் கடந்துதான் வர வேண்டும் என்பதை மட்டும் சொல்லி, நீயாக இருந்தால் எந்தப் பக்கத்தால் வருவாய் என்று கேளுங்கள். ஆறு வயதுப் பையன் சுவரோரமாக ஓடி ஓடி அதற்கு விடை தேடுவான். பீரங்கிகள் வாவியை நோக்கி ஏன் வைக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் தானாகவே கண்டுபிடித்துவிடுவான். நான்கு மூலைக் கொத்தளங்களையும் சுற்றிவர முயல வேண்டாம். மதில்மேல் ஏறவிடும் இடங்களில் விளிம்புக்குக் காவல் இல்லை. ஒரு மணி நேரம் தாராளம். உள்ளே எந்தப் பகுதிகள் திறந்திருக்கும் என்பதை வழிகாட்டி முதல் நாளே விசாரித்து வைக்க வேண்டும்; பிள்ளைகளைக் கதவடியில் நிறுத்திவிட்டு விசாரிக்கப் போவது சரியல்ல.

கோட்டையிலிருந்து திரும்பும்போது நேரமும் மனமும் இருந்தால், வாவிக்கரையில் வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் சிலையடியில் வாகனத்தைச் சற்று நிறுத்தலாம். 1814இல் இங்கே வந்து, மெதடிஸ்த மத்திய கல்லூரியாக வளர்ந்த பள்ளியைத் தொடங்கிய அவர், மறு ஆண்டே இங்கே காலமானார். இதைப் பிள்ளைகளுக்காக அல்ல, உங்களுக்காகவும் அம்மாவுக்காகவும் சொல்கிறேன். பிள்ளைகள் அந்நேரம் வாகனத்துக்குள் தூங்கத் தொடங்கியிருந்தால் நிறுத்தவே வேண்டாம்.

இனி வழிகாட்டியைப் பற்றி. இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு உரிமம் வழங்குகிறது. நாடு முழுவதற்குமான வழிகாட்டிகள், வாகனமோட்டிக்கொண்டே வழிகாட்டுபவர்கள், ஒரு பிரதேசத்துக்கு மட்டுமானவர்கள், ஓர் இடத்துக்கு மட்டுமானவர்கள் என்று வகைகள் உண்டு. உங்களுக்குப் பிரதேச வழிகாட்டி போதுமானவர். அடையாள அட்டையைக் காட்டும்படி கேட்பதில் கூச்சம் வேண்டாம். முறையாகத் தொழில் செய்பவர் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் அட்டை இருக்கிறது என்பதனாலேயே ஒருவர் பிள்ளைகளோடு நடக்கத் தெரிந்தவராகிவிட மாட்டார். தொலைபேசியில் பேசும்போதே மூன்று காரியங்களைக் கேட்டறியுங்கள். மூன்றரை வயதுப் பிள்ளை நடுவழியில் தூங்கிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். "பரவாயில்லை, அடுத்த இடத்துக்குள் எழும்பிவிடும்" என்பவரைவிட, "அறைக்குத் திரும்புவோம்" என்பவரைத் தெரிவுசெய்யுங்கள். ஒவ்வோர் இடத்திலும் துப்பரவான மலசலகூடம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். உடனே சொல்ல முடியாதவர் பிள்ளைகளோடு அதிகம் போனவராக இருக்க மாட்டார். படகோட்டியிடம் சிறுவர் அளவில் பாதுகாப்பு அங்கி உண்டா என்று கேளுங்கள். இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

கட்டணத்தை முழு நாளுக்கென்று பேசாமல், காலைக்கும் மாலைக்கும் தனித்தனியாகப் பேசுங்கள். பகலில் நீங்கள் ஓய்வெடுக்கும் நேரத்துக்கு அவர் காத்திருக்க வேண்டியிருந்தால் அதற்கும் கொடுத்துவிடுங்கள். அவசரப்படும் வழிகாட்டிகளில் பலர் கெட்டவர்கள் அல்லர். அடுத்த ஆட்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு நேரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள். எந்தக் கடைக்கும் எங்களை அழைத்துச் செல்ல வேண்டாம் என்பதையும், ஓர் இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து விளக்கம் சொல்ல வேண்டாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மீதியைப் பெரியவர்களுக்கு நடந்துகொண்டே சொல்லலாம்.

வாகனத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புளியந்தீவின் வீதிகளுக்கு ஓட்டோ வசதியானது, பிள்ளைகளுக்கும் அதுதான் பிடிக்கும். ஆனால் நீங்கள் ஐந்தாறு பேர் ஆகிறீர்கள்; பிள்ளைகளை விளிம்பில் இருத்த நேரிடும். ஒரு சிறிய வானே பாதுகாப்பு. பிள்ளைகள் ஆசைப்பட்டால், தங்குமிடத்திலிருந்து பூங்காவுக்கு முதல் நாள் மாலை ஓட்டோவில் போய் வாருங்கள்.

பத்து மணிக்கு அறைக்குத் திரும்பிவிட வேண்டும். பகற்சாப்பாட்டுக்குக் காரம் குறைத்த சோறும், மீன் சொதியும், பருப்பும் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் கேட்டால் கிடைக்கும். எருமைத் தயிரைச் சட்டியோடு வாங்கி வைத்துக்கொண்டால், எதையும் சாப்பிட மறுக்கும் பிள்ளையும் சீனி போட்டுச் சாப்பிடும். நண்டும் இறாலும் எங்கள் வாவியின் பெருமைதான். ஆயினும் வீட்டில் அவற்றைச் சாப்பிட்டுப் பழகாத பிள்ளைக்குப் பயணத்தில் முதல் தடவையாகக் கொடுக்க வேண்டாம்; ஒவ்வாமை எந்தப் பிள்ளைக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மாலையில் முகத்துவாரம், பாலமீன்மடு வெளிச்சவீடு. நாலு மணியளவில் போனால் நிழல் சாய்ந்திருக்கும். 1913இல் கட்டப்பட்ட இந்த வெள்ளைக் கோபுரம் 28 மீற்றர் உயரம். வளர்ந்த தென்னையின் உச்சியில் இன்னொரு தென்னையை வைத்த உயரம் என்று சொல்லுங்கள், கழுத்தை வளைத்துப் பார்ப்பார்கள். உள்ளே ஏறலாம் என்று வாக்குக் கொடுத்துவிட வேண்டாம். அடியில் நின்று பார்ப்பதாகவே திட்டமிடுங்கள். அங்கிருந்து படகில் கண்டல் மரங்களின் ஓரமாக அரை மணி நேரம் போய்வருவதுதான் அன்றைய நாளின் இரண்டாவது பெரிய காட்சி. நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைப்பதையும், கொக்கு ஒற்றைக்காலில் நிற்பதையும், கண்டல் வேர்கள் சேற்றிலிருந்து விரல்களைப்போல மேலே கிளம்பியிருப்பதையும் கிட்ட நின்று பார்க்கலாம்.

படகில் ஒரு நிபந்தனையை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெரியவர்களுக்கான அங்கியைப் பிள்ளைக்கு மாட்டி நாடாவை இறுக்கிக் கட்டுவது பாதுகாப்பு அல்ல. தண்ணீரில் விழுந்தால் அங்கி மேலே மிதக்கும், பிள்ளை கீழே நழுவிப்போகும். அங்கியின் தோள் பகுதியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காதைத் தாண்டி மேலே வந்தால் அந்த அளவு பொருந்தாது. சிறுவர் அங்கி இல்லையென்றால் அன்று படகு இல்லை. பிள்ளைகள் அழட்டும், கரையிலேயே கண்டலைப் பார்க்கலாம். வாவியில் முதலைகள் உண்டு. எனவே படகிலிருந்து கையைத் தண்ணீரில் விடுவதும், கரையோரச் சேற்றில் கால் நனைப்பதும் வேண்டாம். பொழுது சாயும் நேரத்தில் நுளம்பு மொய்க்கும். முழுக்கைச் சட்டையும் நீளக் காற்சட்டையும் போட்டுவிட்டு, கணுக்காலுக்கு மருந்து பூசிவிடுங்கள்.

பாடும் மீனைப் பற்றி உங்கள் மகன் மிகவும் ஆசையாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். வாவிக்குள்ளிருந்து எழும் அந்த ஓசையைக் கேட்பதற்குக் காற்றும் அலையும் ஓய்ந்த நிலாக் காலத்து இரவு வேண்டும். தோணியை நடுவாவியில் அசையாமல் நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் அமிழ்த்தி மறுமுனையில் காதை வைத்துக் கேட்பது இங்குள்ளவர்களின் வழக்கம். மீன்தான் பாடுகிறது என்பாரும், ஊரி என்ற சிறு சங்கினம் எழுப்பும் ஒலி என்பாரும் உண்டு. அந்த இரவு நேரத்தில், பகல் முழுவதும் அலைந்த பிள்ளைகளைத் தோணியில் அமைதியாக இருக்கச் சொல்வது அவர்களுக்கும் உங்களுக்கும் வேதனை, பாதுகாப்பும் அல்ல. அதற்குப் பதிலாக, மாலைப் படகில் கண்டல் ஓரமாக ஓரிடத்தில் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, படகோட்டியின் துடுப்பை வாங்கி, மகனைப் படகின் நடுவில் இருந்தபடியே காதை வைத்துக் கேட்கச் செய்யுங்கள். தண்ணீருக்குள்ளிருந்து ஏதோ ஒரு சலசலப்பும் தட்டும் ஓசையும் நிச்சயம் கேட்கும். அதைப் பாடும் மீன் என்று பொய் சொல்ல வேண்டாம். இப்படித்தான் இரவில் கேட்பார்கள், நீ வளர்ந்ததும் நிலவில் வந்து கேள் என்று உள்ளதையே சொல்லுங்கள்.

விட்டுவிடச் சொன்ன இடங்களுக்குக் காரணம் சுருக்கமாக. பாசிக்குடா வடக்கே முப்பது கிலோமீற்றருக்கும் அப்பால் இருக்கிறது. ஆழமில்லாத அமைதியான அந்தக் கடல் பிள்ளைகளுக்கு மிகவும் ஏற்றது என்பதனாலேயே அதற்கு ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும். காத்தான்குடி நூதனசாலையில் முஸ்லிம் மக்களின் பழைய வாழ்க்கையை ஆளளவுச் சிலைகளாக வைத்திருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு நிச்சயம் பிடிக்கும். இதை மாற்று ஏற்பாடாக வைத்திருங்கள்: கச்சான் பொறுக்க முடியாத நாளானால், அல்லது எதிர்பாராமல் மழை வந்தால், படகுக்குப் பதிலாக அங்கே போகலாம், வீதியின் நடுவே நிற்கும் பேரீச்ச மரங்களையும் பிள்ளைகள் பார்க்கலாம். திறந்திருக்கும் நாளை மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். மாமாங்கேஸ்வரர் ஆலயத்துக்கு அம்மா போக விரும்பினால், ஊருக்கு வந்திறங்கிய மறு நாள் விடியற்காலையில் அவரும் நீங்களும் மட்டும் போய்வரலாம். ஆடி அமாவாசைத் தீர்த்தம் ஜூலைப் பிற்பகுதியிலோ ஆகஸ்டிலோ வரும். உங்கள் நாள் அதோடு சேர்ந்துவிட்டால், அந்தச் சனத்துக்குள் சின்னப்பிள்ளைகளைக் கொண்டுபோக வேண்டாம். விபுலாநந்த அடிகளின் சமாதி கல்லடி உப்போடையில், அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயத்தை ஒட்டி இருக்கிறது. பாலத்திலிருந்து திரும்பும் வழியில் பத்து நிமிடத்தில் வணங்கிவிட்டு வரக்கூடிய இடம் என்பதால், அதை உங்கள் முடிவுக்கே விடுகிறேன்.

கடைசியாக நாவலடி. உங்கள் கடிதத்தில் இதைத்தான் நான் பல தடவை வாசித்தேன். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் அந்த மணல்திட்டில், 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, ஓடிப்போக ஒரு பக்கமும் இருக்கவில்லை. அங்கே நிற்கும் நினைவுத்தூபிக்கு இன்றும் ஆண்டுதோறும் உறவுகள் வருகிறார்கள். அம்மா அங்கே போகத்தான் வேண்டும். பிள்ளைகளையும் கூட்டிப்போக வேண்டும் என்று அவர் கேட்பதும் நியாயமே. தன் அக்காவின் பெயரைப் பேரப்பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்று நினைக்கிறார். ஆனால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் அம்மா அழ மாட்டார். அழுதால் பிள்ளைகள் பயப்படுவார்கள். பகலில் பிள்ளைகள் தூங்கும்போது கணவரை அவர்களுடன் விட்டுவிட்டு, நீங்கள் அம்மாவை அழைத்துப் போங்கள். வழிகாட்டி வர வேண்டாம், வாகனம் மட்டும் போதும். என்னைப் போன்ற வழிகாட்டிகளுக்கு அங்கே சொல்ல எதுவும் இல்லை, அம்மாவுக்குத்தான் இருக்கிறது. வெயிலுக்குக் குடையும், ஒரு போத்தல் தண்ணீரும், கொஞ்சம் பூவும் கொண்டு போங்கள். எவ்வளவு நேரம் என்று முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டாம். மாலைப் படகு அரை மணி நேரம் பிந்தினாலும் படகோட்டி பொறுத்துக்கொள்வார்.

அன்று மாலை படகேறுவதற்கு முன்போ, கல்லடிக் கடற்கரை மணலில் பிள்ளைகள் விளையாடும்போதோ (அங்கே கடல் ஆழம், அலையும் பலம், குளிக்க இறக்க வேண்டாம்), அம்மாவே மகனிடம் சொல்லட்டும்: இங்கே எனக்கு ஓர் அக்கா இருந்தாள், உனக்கு அவள் பெரியம்மம்மா, அவளுக்கு இன்ன பெயர், கடல் ஒரு நாள் ஊருக்குள் வந்தபோது இறந்துபோனாள் என்று. ஆறு வயதுப் பிள்ளை இதைத் தாங்கும். இந்தக் கடல் இன்றைக்கும் வருமா என்றுதான் அடுத்ததாகக் கேட்பான். அந்தக் கேள்விக்கு ஆயத்தமாக இருங்கள். வராது என்று சத்தியம் செய்ய வேண்டாம். அப்படி வருவது மிக மிக அரிது, இப்போது முன்கூட்டி அறிவிப்பார்கள், அறிவித்தால் நாம் எல்லாரும் சேர்ந்து உயரமான இடத்துக்குப் போவோம் என்று சொல்லுங்கள். கடற்கரையில் தாமாகவே சுனாமிக் கதை சொல்லத் தொடங்கும் வழிகாட்டிகள் உண்டு. உங்கள் குடும்பத்து நிலையை அவருக்கு முதலிலேயே தெரிவித்து, பிள்ளைகளின் முன்னால் அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சின்னவளுக்கு இப்போதைக்கு எதுவும் சொல்லத் தேவையில்லை. அவள் மணலில் கிணறு தோண்டட்டும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வைத்திருங்கள்.